அம்மாவின் ஃபோனுக்குப் பூட்டு

சனிக்கிழமை காலை அம்மா கிளம்புகிறாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நான்கு வயது ஓட்டிஸ் மட்டும் பக்கத்து வீட்டு நாயைக்கூட விடாமல், "எங்கம்மா குவைத்துக்குப் போறா. அங்க ஒட்டகம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அம்மா ஒட்டகம் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவாள் என்று அவனுக்கு நினைப்பு.

அவனுடைய அக்கா மேபலுக்கு ஒன்பது வயது. அவளுக்கு விவரம் தெரியும். அம்மா ராணுவத்தில் சார்ஜென்ட். லாரிகளைப் பழுதுபார்ப்பது அவள் வேலை. இப்போது போனால் திரும்பி வர ஒன்பது மாதம் ஆகும்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அம்மா மேபலையும் ஓட்டிஸையும் கூட்டிக்கொண்டு ஃபோன் கடைக்குப் போனாள். கடையில் யோலண்டா என்ற அக்கா இருந்தாள். அம்மாவின் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கே, சார்ஜென்ட்! அதுவரைக்கும் இதுக்குப் பூட்டு. எங்க கம்பெனி சிம்மை மட்டும்தான் ஏத்துக்கும். குவைத்துல வேற சிம்மைப் போட்டீங்கன்னா உங்களை முறைச்சுப் பார்க்கும், பேசாது."

"அப்போ இத வச்சு நான் அங்க என்ன பண்றது? ஆணி அடிக்கவா?" என்றாள் அம்மா.

யோலண்டா சிரித்துவிட்டாள். "பட்டாளத்துக்காரங்களுக்கு மட்டும் நடுவுலயே பூட்டை எடுத்துவிடுவோம். உங்க பயண உத்தரவைக் கொண்டு வாங்க. நான் மேல அனுப்பினா ரெண்டு வேலை நாள்ல திறந்துடும்."

"நாளைக்கே கொண்டு வரேன். இதுங்க குரலைக் கேக்காம என்னால இருக்க முடியாது. ஃபோன் பேசலன்னா நான் விமானத்துலயே ஏற மாட்டேன், பாத்துக்குங்க!"

அம்மா விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் மேபல் அந்த ஒரு வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஃபோன் பேசாவிட்டால் அம்மா ஏற மாட்டாள். காகிதம் இல்லாவிட்டால் ஃபோன் பேசாது. கணக்கு சுலபமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உத்தரவுக் காகிதத்தை எடுத்துச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு ஓட்டிஸைக் குளிப்பாட்டப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் காகிதம் அலமாரியின் உச்சியில், வான்கோழி சுடும் பெரிய பாத்திரத்துக்குள் போய்விட்டது. அந்தப் பாத்திரம் வருடத்தில் ஒரே நாள், நவம்பர் மாத விருந்துக்குத்தான் கீழே இறங்கும். இது மார்ச் மாதம்.

செவ்வாய்க்கிழமை வீடே தலைகீழானது. அம்மா மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். அப்பா குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். ஓட்டிஸ் தன் காலணிக்குள் எட்டிப் பார்த்து, "இங்க இல்ல!" என்று அறிவித்தான். மேபலும் தேடுவதுபோல் சோபாவுக்கு அடியில் படுத்துக்கொண்டாள். வெளியே வரத்தான் அவளுக்கு மனமில்லை.

"பட்டாளத்துல பதினோரு வருஷமா ஒரு காகிதம் தொலைச்சதில்ல" என்றாள் அம்மா. "ஆபீஸ்ல கேட்டேன். புதுசா அச்சடிக்க வெள்ளிக்கிழமை ஆகுமாம். வயசாக ஆக எனக்குப் புத்தி போயிடுச்சு போல." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. அம்மாவின் கண் கலங்கி மேபல் அதுவரை பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது மேபலுக்குப் பக்கத்தில் ஜோசி உட்கார்ந்திருந்தாள். ஜோசியின் அப்பாவும் பட்டாளம்தான். போன வருடம்தான் வெளிநாடு போய்த் திரும்பினார்.

"ஜோசி, ஒரு பொருள் தொலைஞ்சு போச்சுன்னா போகாம இருக்கலாமா?" என்று கேட்டாள் மேபல்.

"காலணி தொலைஞ்சாலும் வெறுங்காலோட கூட்டிட்டுப் போயிடுவாங்க! எங்கப்பா பல்வலியோட போனாரு. கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்துச்சு. அப்பவும் விடல."

"ஃபோன் வேலை செய்யலன்னா?"

ஜோசி மெல்லுவதை நிறுத்தினாள். "எங்கப்பா ஃபோன் ரெண்டு மாசம் வேலை செய்யல. முகாம்ல ஒரே ஒரு ஃபோன் இருந்துச்சாம், நூறு பேர் வரிசை. கடைசியா ஒரு நாள் கூப்பிட்டாரு. என் குட்டித் தம்பி கிட்ட குடுத்தோம். அவன் 'யாரு இது?'ன்னு கேட்டுட்டு ஃபோனைக் கீழ வச்சுட்டு விளையாடப் போயிட்டான். அப்பா அந்தப் பக்கம் ஹலோ ஹலோன்னு கத்திட்டே இருந்தாரு."

மேபலுக்கு அதற்குமேல் ஒரு வாய் இறங்கவில்லை. ஓட்டிஸுக்கு நான்கு வயதுதான். போன மாதம் சாப்பிட்ட பிறந்தநாள் கேக் என்ன நிறம் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

பள்ளியிலிருந்து ஓடி வந்தபோது அம்மா கூடத்துத் தரையில் உட்கார்ந்து காலுறைகளைச் சுருட்டிப் பச்சைப் பைக்குள் அடைத்துக்கொண்டிருந்தாள். மேபல் நாற்காலி போட்டு ஏறி, வான்கோழிப் பாத்திரத்தை இறக்கி, அம்மாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"என்னடி இது, மார்ச் மாசத்துல வான்கோழியா?"

மேபல் மூடியைத் திறந்தாள்.

அம்மா காகிதத்தைப் பார்த்தாள். பிறகு மேபலைப் பார்த்தாள்.

"நீதானே சொன்ன, ஃபோன் பேசலன்னா ஏற மாட்டேன்னு" என்றாள் மேபல். அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்துவிட்டது. "நீ போக வேண்டாம்மா. வேற யாராவது லாரியை ரிப்பேர் பண்ணட்டும்."

அம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஒன்பது வயதுக்கு மடி போதவில்லை. கால்கள் காலுறைக் குவியலில் போய் விழுந்தன. "எனக்கும் போக இஷ்டமில்லடி, கண்ணு" என்று அம்மா அவள் தலைமுடிக்குள் சொன்னாள். "இஷ்டமில்லாமயே போகணும். அதுதான் கஷ்டம்."

அப்பா எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் அழுவதைக் கண்டு, ஏன் என்று கேட்காமல், கார்ச் சாவியை எடுத்து அம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். கடை ஆறு மணிக்கு மூடிவிடும்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது யோலண்டா பாதி விளக்குகளை அணைத்திருந்தாள். காகிதத்தை வாங்கி அனுப்பிவிட்டு நாட்காட்டியைப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை குடுத்திருந்தா இந்நேரம் திறந்திருக்கும். இப்போ நாளைக்கு ஒரு நாள். சனி, ஞாயிறு கணக்குல வராது. திங்கள்கிழமை ஆகும்."

"நான் சனிக்கிழமையே போறேனே."

"போங்க. அங்க ஒரு சிம் வாங்கிப் போட்டுப் பாருங்க. இங்க பூட்டு எடுத்திருந்தா அங்க தானா பேசும்."

"எடுக்கலன்னா?" என்று கேட்டாள் மேபல்.

"எடுத்துடுவாங்கன்னுதான் நினைக்கிறேன், கண்ணு" என்றாள் யோலண்டா. அந்த 'நினைக்கிறேன்' மேபலுக்குப் பிடிக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை ஊரிலிருந்த ராணுவ முகாமின் விளையாட்டு அரங்கில் எல்லோரும் கூடினார்கள். பாண்டு வாத்தியம் வாசித்தார்கள். டோனட் கொடுத்தார்கள். குழந்தைகள் கொடியை ஆட்டிக்கொண்டே அழுதார்கள்.

"திங்கள்கிழமை கூப்பிடுறேன். இல்லன்னா செவ்வாய்க்கிழமை" என்று அம்மா சொன்னாள். பெயரைக் கூப்பிட்டதும் வரிசையில் போய் நின்றாள். ஒரே உடுப்பு, ஒரே தொப்பி, ஒரே பை. பேருந்தில் ஏறுவதற்குள்ளேயே அவர்களில் யார் அம்மா என்று மேபலுக்குத் தெரியாமல் போய்விட்டது.

திங்கட்கிழமை வந்தது. ஃபோன் வரவில்லை. செவ்வாய் வந்தது. அப்போதும் வரவில்லை. எல்லோரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்று முகாமிலிருந்து அப்பாவுக்குத் தகவல் சொல்லியிருந்தார்கள். அதனால் பயம் இல்லை. துக்கம்தான் இருந்தது.

புதன்கிழமை ஓட்டிஸ் அம்மாவைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டான். கேட்டு நச்சரித்தபோது வந்த எரிச்சலைவிட இது மேபலுக்கு அதிகமாக வலித்தது. எல்லாம் தன்னால்தான். அன்றைக்கே காகிதத்தைக் கொடுத்திருந்தால் அம்மா கிளம்புவதற்கு முன்பே பூட்டு திறந்திருக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா சீஸ் மக்ரோனி செய்திருந்தார். அப்பாவுக்குப் பள்ளிச் சமையலறையில் வேலை. அதனால் மூன்று பேருக்குச் செய்யச் சொன்னாலும் முப்பது பேருக்குச் செய்துவிடுவார். மேபல் தட்டைத் தொடவில்லை.

அப்பாவின் ஃபோன் அடித்தது. அவர் திரையைப் பார்த்தார், அழைப்பைத் துண்டித்தார், கரண்டியை எடுத்தார்.

"யாருப்பா?"

"தெரியாத நம்பர். கார் இன்ஷூரன்ஸ் விக்கிறவனா இருப்பான். மூணு நாளா உயிரை எடுக்கிறான்."

மேபல் ஒன்றும் நினைக்கவில்லை. அந்த ஊரில் தெரியாத எண்ணை யாருமே எடுப்பதில்லை. எடுத்தால் ஒருவன் காருக்கு இன்ஷூரன்ஸ் விற்பான், இன்னொருவன் கூரையை மாற்றச் சொல்வான். குழந்தைகள் பேசப் பழகும்போதே அதையும் பழகிவிடுவார்கள்.

ஆனால் மக்ரோனியைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"மூணு நாளாவா?"

"ஆமா. நீளமா ஒரு நம்பர். வாய்ஸ்மெயில் வேற நிரம்பிப் போச்சா, விடாம அடிக்கிறான்."

"அப்பா, குவைத் போனதும் அம்மா வேற சிம்தானே போடுவா?"

"ஆமா."

"அப்போ அம்மாவோட நம்பர் என்ன?"

"என்ன கேள்வி இது? அம்மா நம்பர் உனக்குத் தெரியாதா, அதே…" அப்பா அப்படியே நின்றுவிட்டார். கரண்டியிலிருந்த மக்ரோனி மேசைமேல் விழுந்தது.

அவர் ஃபோனைப் பறித்து அந்த எண்ணுக்கு அடித்தார். 'உங்கள் இணைப்பில் வெளிநாட்டு அழைப்பு வசதி இல்லை' என்று ஒரு குரல் மிக மரியாதையாகச் சொன்னது. இன்னொரு முறை அடித்தார். அதே மரியாதை.

"எத்தனை வாட்டி கட் பண்ணீங்க?" என்று கேட்டாள் மேபல்.

அப்பா எண்ணிப் பார்த்தார். "பதினாலு" என்றார். பெரிய மனிதர், முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

அவர்மேல் மேபலுக்குக் கோபம் வரவில்லை. தவறு செய்துவிட்டு அதைச் சரிசெய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாற்காலியை நகர்த்தி அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "திரும்பவும் கூப்பிடுவாப்பா. அம்மா அவ்வளவு சீக்கிரம் விட மாட்டா."

ஃபோனை மேசையின் நடுவில் வைத்து மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். சுவர்க் கடிகாரம் ஓடியது. மக்ரோனி ஆறி, மேலே ஏடு படிந்தது. வாசலில் ஐஸ்கிரீம் வண்டி போயிற்று. ஓட்டிஸ்கூட எழுந்திருக்கவில்லை.

ஃபோன் அடித்தது. நீளமான எண்.

"நீ எடு, மேபல்" என்றார் அப்பா.

மேபல் எடுத்தாள். காதில் வைத்து அம்மாவின் குரலை முதலில் கேட்க அவளுக்கு எவ்வளவோ ஆசை. ஒரு வாரமாக ஒரு மன்னிப்பையும் நெஞ்சில் எழுதி வைத்திருந்தாள். ஆனாலும் ஃபோனை ஓட்டிஸின் காதில் வைத்துப் பிடித்தாள். அவன் 'யாரு இது?' என்று கேட்டுவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டிஸ் கேட்டான். அவன் வாய் கோணிக்கொண்டு போயிற்று.

"அம்மா!" என்று அலறினான். "அப்பா உன்னைப் பதினாலு வாட்டி கட் பண்ணிட்டாரும்மா!"

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை, இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேபலின் முறை வந்தபோது, எழுதி வைத்திருந்த மன்னிப்பில் ஒரு வார்த்தைகூட ஞாபகத்தில் இல்லை. "பூட்டு திறந்துடுச்சாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"திங்கள்கிழமையே திறந்துடுச்சு, கண்ணு. நல்லா கேக்குது. நீ பக்கத்துல இருக்கிற மாதிரியே இருக்கு." குரல் கொஞ்சம் தாமதமாக, கடலைத் தாண்டி வந்தது. "அழாதடி. அழுதா எனக்கும் வந்துடும், இங்க எல்லாரும் பாக்கிறாங்க. சொல்லு, சாப்பிட்டியா?"

மேபல் மூக்கை உறிஞ்சினாள். தட்டை அருகே இழுத்து, ஆறிப்போன மக்ரோனியை ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"இப்பதாம்மா சாப்பிட்டுட்டு இருக்கேன்" என்றாள்.