சாட்சி சொன்ன காலி சிலிண்டர்

“தும்முனா எல்லாரும் ‘கடவுள் காப்பாத்தட்டும்’னு சொல்றீங்க. இருமுனா மட்டும் ஏன் யாரும் ஒண்ணும் சொல்றதில்ல?”

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்று மினெட் கேட்ட கேள்வி அது.

அப்போது அவளுக்கு ஐந்து வயது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற க்ளோவிஸ் தும்மினார். அவள் கடமை தவறாமல் அவருக்காகக் கடவுளைக் கூப்பிட்டாள். பிறகு இரண்டு நிமிஷம் விடாமல் இருமினாள். பிறகுதான் கேட்டாள்.

க்ளோவிஸ் முப்பது வருஷமாகக் கந்தக அமில ஆலையில் கருவி மெக்கானிக். எந்த மீட்டர் மக்கர் செய்தாலும் பதில் வைத்திருப்பார்.

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

இன்று, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்கு, ஒரு பிணத்தின் முன்னால் நிற்கும்போது ஏனோ அதுதான் ஞாபகம் வந்தது.

பிணத்தின் பெயர் வெண்டல். இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர், க்ளோவிஸின் நண்பர்.

புகைபோக்கியின் அடியில் ஒரு தகர அறை உண்டு. எவ்வளவு கந்தகப் புகை வெளியே போகிறது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் அளந்து அரசாங்கத்துக்குச் சொல்லும் கருவி அதற்குள் இருக்கிறது. அதன் காலடியில் வெண்டல் குப்புறக் கிடந்தார். காயம் இல்லை. ரத்தம் இல்லை. தூங்குகிறவர் மாதிரி...

தூங்கவில்லை.

மீட்டர் குறிக்க வந்த இடத்தில், ஒன்பது மணி பூசைக்காகப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு க்ளோவிஸ் மண்டியிட்டார். ஜெபம் பாதியில் நின்றுபோனது.

எட்டரைக்கு ஷெரிஃப் ஆபீஸிலிருந்து துப்பறியும் அதிகாரி ரோஸலி வந்தாள். லூசியானா வெயிலுக்கு முப்பத்தைந்து வயசிலேயே சுருங்கிய கண்கள். மேனேஜர் அவளைத் தனியே ஓரங்கட்டினார். ஆனால் க்ளோவிஸ் காதில் விழும்படியே பேசினார். கருவியைச் சரிபார்க்க அந்த அறையில் நைட்ரஜன் சிலிண்டர் இருக்கிறது. அது கசிந்திருக்கிறது. நைட்ரஜனுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. கதவைச் சாத்திய அறையில் இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் சாய்ந்துவிடுவான்.

“அந்த ரூமுக்கு யாரு பொறுப்பு?” ரோஸலி கேட்டாள்.

மேனேஜர் திரும்பினார். க்ளோவிஸின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

சிலிண்டரை மாட்டியது க்ளோவிஸ். மாட்டிய தாளில் கையெழுத்தும் அவருடையது. நண்பனைக் கொன்றது தன் கைதானா? ஒரு திருகு தளர்ந்திருந்ததா? முப்பது வருஷத்தில் ஒரே ஒரு திருகு...

“அண்ணே, உக்காருங்க.”

தோளைத் தொட்டவள் கொரின். புகைக்கணக்கை எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பும் சுற்றுச்சூழல் அதிகாரி. ஞாயிறு தவறாமல் அத்திப்பழக் கேக் கொண்டுவருபவள். க்ளோவிஸின் மனைவி கடைசி மூச்சோடு போராடிய பதினோரு நாளும் படுக்கைப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டியவள்.

“வேணும்னு பண்ணலையே நீங்க. கடவுளுக்குத் தெரியும்,” என்றாள். கண் கலங்கியிருந்தது.

அந்த ஆறுதல் கத்தி போல இறங்கியது.

ரோஸலி அவரைக் கைது செய்யவில்லை. அறைக்குள் கூட்டிப்போனாள்.

“மிஸ்டர் க்ளோவிஸ், எனக்கு இதெல்லாம் கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரி இருக்கு. என்ன ஏதுன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க.”

“நான் சொன்னா நம்புவியாம்மா?”

“நம்பறது பாதிரியார் வேலை. நான் கேட்டுக்கறேன்.”

அவர் காட்டினார். ஒன்று நைட்ரஜன் சிலிண்டர். கருவிக்குப் பூஜ்யம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க. இன்னொன்று அளவு தெரிந்த கந்தகவாயு. நூறு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க. இந்தச் சோதனை நடக்கும்போது கருவி புகைபோக்கியைப் பார்க்காது. அந்த நேரத்துக் கணக்கும் புகைக்கணக்கில் சேராது.

“எவ்வளவு நேரம் நடக்கும்?”

“பத்து நிமிஷம்.”

ரோஸலி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். “கம்ப்யூட்டர்ல இன்னிக்கு அஞ்சு பத்துலேர்ந்து ஏழு மணி வரைக்கும்னு போட்டிருக்கே. வெண்டல் பாஸ்வேர்டுல.”

க்ளோவிஸ் திகைத்தார். குனிந்து கந்தகவாயு சிலிண்டரைப் பார்த்தார். அதன் தோளில் ஒட்டிய டேப்பில், தினமும் அழுத்தத்தைப் பென்சிலால் குறித்துவைப்பது அவர் பழக்கம். நேற்றுக் குறித்தது ஆயிரத்து நானூறு.

மீட்டர் இப்போதும் ஆயிரத்து நானூறு காட்டியது.

“இது சோதனையே இல்லம்மா. ரெண்டு மணி நேரம் ஓடியிருந்தா முள்ளு பாதிக்கு இறங்கியிருக்கும். கருவியோட கண்ணைக் கட்டிட்டு எதையோ வெளிய விட்டிருக்காங்க.”

எதை என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், நேற்றுவரை பச்சையாக இருந்த புளூபெர்ரிச் செடிகள் வெளிறித் தொங்கின. மினெட்டின் வீட்டுச் செடிகள்.

க்ளோவிஸ் வேலியை எட்டிப் பார்த்தார்.

“அந்தக் குழந்தை...?”

ரோஸலி மேனேஜரைத் தேடி வெளியே போனாள்.

மேனேஜரை அவள் உலுக்கிய உலுக்கலில் பாதி உண்மை உதிர்ந்தது. ஆற்றில் அமிலத்துக்காகப் படகு காத்திருந்தது. புகையை அமிலமாக்கும் வினையூக்கிப் படுகை நன்றாகச் சூடாகும் முன்பே ஆலையைக் கிளப்பச் சொன்னது அவர்தான். படுகை ஆறியிருந்தால் கந்தகப் புகை அமிலமாகாது, அப்படியே வானத்துக்குப் போய்விடும். தெரிந்தேதான் சொன்னார். ஆனால் நாலரையிலிருந்து ஏழுவரை படகுத்துறையில் நின்றார். பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள்.

அப்படியானால்?

“கசிவுதான். விபத்து,” என்றார் மேனேஜர், வேர்வையைத் துடைத்தபடி.

ரோஸலி திரும்பி வந்து களைப்போடு சுவரில் சாய்ந்தாள். “பொய்க்கணக்குக்கு அபராதம் போடலாம். கொலைன்னு சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல. காத்துக்கு நான் எப்படி விலங்கு மாட்டுறது? கடைசியில பழி உங்க தலையிலதான் விடியும் மிஸ்டர் க்ளோவிஸ்.”

க்ளோவிஸ் நைட்ரஜன் சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் வால்வு இறுக்கி மூடியிருந்தது. மேலே பாதுகாப்பு மூடியும் திருகியிருந்தது. கழுத்தில் தொங்கும் அட்டை மூன்று துண்டாகக் கிழிக்கிற மாதிரியானது. மேல்துண்டு ‘முழுசு’. நடுத்துண்டு ‘ஓடுகிறது’. கடைசித் துண்டு ‘காலி’.

முதல் இரண்டும் இல்லை. ‘காலி’ மட்டும் தொங்கியது. நேற்று அவர் பார்க்கும்போது மூன்று துண்டும் இருந்தன.

அவருக்கு எல்லாம் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

“என்ன?” என்றாள் ரோஸலி.

பதினோரு நாள். பதினோரு நாள் ஜெபமாலை உருட்டிய விரல்கள். அவற்றைக் காட்டிக்கொடுக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டால் பழி தன்மேல் விழும், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் வெண்டல்? அவருக்கு யார் பேசுவது?

“அம்மா... கசிஞ்ச சிலிண்டர் தன்னைத்தானே மூடிக்காது. மூடியும் போட்டுக்காது. அட்டையும் கிழிச்சுக்காது.”

ரோஸலி நிமிர்ந்தாள்.

“நாங்க யாரும் அட்டைய கிழிக்கறதே இல்ல. சோம்பேறிங்க. காலியான சிலிண்டர்லயும் ‘முழுசு’ன்னு தொங்கும். அதுக்காக வாராவாரம் எங்கள திட்டற ஒரே ஒரு ஆள் இருக்கா. நடந்துபோற வழியில காலி சிலிண்டரைப் பாத்தா, பேசிட்டே மூடி, பேசிட்டே கிழிப்பா. கை தானா செய்யும்.”

“யாரு?”

க்ளோவிஸ் வெறும் ஆணியைப் பார்த்தார். பிராணவாயு குறைந்தால் அலறும் அலாரம் அங்கேதான் தொங்கும். வெள்ளிக்கிழமை அதை ரிப்பேருக்கு அனுப்பியவளுக்கு, இங்கே எதுவும் அலறாது என்று தெரிந்திருக்கும் என்பதும் இப்போதுதான் உறைத்தது.

“கொரினோட கோட்டுப் பையில பாரும்மா. குப்பைய கீழ போட மாட்டா.”

பையில் அதிகம் இல்லை. ஜெபமாலை ஒன்று. இரண்டு அட்டைத் துண்டுகள். ‘முழுசு’. ‘ஓடுகிறது’.

கொரின் ஓடவில்லை. கேக் டப்பாவை மேஜைமேல் ஒழுங்காக வைத்துவிட்டுச் சொன்னாள். கருவியின் கண்ணைக் கட்டச் சொன்னது அவள்தான். வெண்டல் முதலில் ஒத்துக்கொண்டார். ஆறு மணிக்கு மனசாட்சி உறுத்தி, அவிழ்த்துவிடப் போகிறேன், அரசாங்கத்துக்கும் சொல்லப்போகிறேன் என்று அவளை ரேடியோவில் கூப்பிட்டார். அவர் வருவதற்குள் அவள் ஓடிப்போய் நைட்ரஜனைத் திறந்து அறையை நிரப்பினாள். எல்லாம் முடிந்ததும் கதவைத் திறந்து காற்றாடவிட்டு, உள்ளே போனாள். பழக்கத்தில் கை சிலிண்டரை மூடியது; ஏழு மணிக்கு, வெண்டலின் பாஸ்வேர்டிலேயே, சோதனையையும் முடித்துவைத்தாள்.

“இன்னொரு தடவ வரம்பு தாண்டுனா ஆலைய மூடிடுவேன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு அண்ணே. நூத்திருபது குடும்பம். நான் ஒருத்தரத்தான்...”

“வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கறதும் குடும்பம்தான்மா,” என்றார் க்ளோவிஸ்.

அவள் தலை குனிந்தது.

வண்டியில் ஏற்றிவிட்டு வந்த ரோஸலி முணுமுணுத்தாள். “கொலை பண்ணலாமாம், குப்பை போடக்கூடாதாம்.”

பிறகு, கிளம்பும்போது, வெண்டலின் போனைப் பற்றிச் சொன்னாள். கடைசி அழைப்பு காலை ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்கு. நாற்பது வினாடி. அந்த எண்ணுக்கு அவள் போட்டுப் பார்த்தாள். எடுத்தது மினெட்டின் அம்மா.

“அஞ்சு வருஷமா, ஆலை கிளம்பற ஒவ்வொரு தடவையும் யாரோ கூப்பிடுவாராம். பேரு சொல்ல மாட்டாராம். ‘ஜன்னல மூடிட்டு, புள்ளைய கூட்டிட்டு ஆத்துக்கு அக்கரை போயிடுங்க’ம்பாராம். இன்னிக்கும் போயிருக்காங்க. குழந்தை நல்லா இருக்கு.”

க்ளோவிஸ் வெளிறிய செடிகளைப் பார்த்தபடி நின்றார். ஆலை விஷயத்தை வெளியாளிடம் சொன்னால் வேலை போகும். வெண்டலுக்கும் அது தெரியும். ஐந்து வருஷமாகக் கூப்பிட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற நண்பனிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மேனேஜர் மாற்றலாகிப் போனார். கம்பெனி அபராதம் கட்டியது. கோர்ட்டு இன்னும் ஆறு மாதம் அவகாசம் கொடுத்தது. க்ளோவிஸ் எழுதிய மூன்று புகார்க் கடிதங்களுக்கும் ‘கிடைத்தது’ என்று பதில் வந்தது. அவ்வளவுதான். புகைபோக்கி அங்கேயே நின்றது. காற்று அதே பக்கம் வீசியது.

ஐந்து வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை விடியலில், ஆலையை மறுபடி கிளப்ப உத்தரவு வந்தது.

க்ளோவிஸ் தன் பழைய லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சுற்றிலும் யாரும் இல்லை. ரோஸலியிடம் வாங்கிய எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

எடுத்தது குழந்தை.

“ஜன்னல மூடிட்டு, அம்மாவோட அக்கரை போயிடும்மா,” என்றார்.

அந்தப் பக்கம் இருமல். நீளமாக... அவர் கண்ணை மூடிக்கொண்டு அது ஓயும்வரை காத்திருந்தார்.

“கடவுள் காப்பாத்தட்டும்.”

“நான் தும்மலையே?”

“தெரியும்.”

மினெட் கொஞ்சம் யோசித்தாள். “நீங்க செத்துட்டீங்கன்னு அம்மா சொன்னாங்களே?”

க்ளோவிஸ் ஈரமான கண்ணைச் சட்டைக்கையால் துடைத்துக்கொண்டார்.

“அவர் டியூட்டி முடிஞ்சு போயிட்டாரும்மா. நான் அடுத்த ஷிஃப்ட்டு... முப்பது வருஷம் லேட்டு.”