படலையடியில் நின்றவர்

வேலிப் படலை கிறீச்சிட்டது, ஆனால் யாரும் கூப்பிடவில்லை. வேலணையில் எத்தனை பகையிருந்தாலும் படலையடியில் நின்று ஒரு குரல் வைத்துவிட்டுத்தான் வருவார்கள். சௌந்தரநாயகி குசினிக்குள் அகப்பையும் கையுமாக நின்று காதுகொடுத்தாள். இருள்கிற மைமல் பொழுதில் பனையோலை வேலி காற்றே இல்லாமல் சரசரத்தது, அடுப்புப் புகையைத் தாண்டிப் பன்னீரும் சாம்பலும் கலந்த ஒரு வாடை வந்தது.

எட்டு நாளைக்கு முன் ஏரம்புவின் செத்தவீட்டில் மணந்த அதே வாடை.

ஏரம்பு அவள் கணவனின் தமையன். வேலியை இரண்டு முழம் தள்ளிப் போட்ட பாவி. ஏழு வருடம் பேச்சில்லை. அவன் செத்ததில் அவளுக்கு ஒரு சொட்டுக் கவலையும் இல்லை. ஊர்ச்சனத்துக்குப் பயந்து போனாள், வாய்க்கரிசி போட்டாள். பாடையைத் தூக்கியபோதுதான் அந்தப் பிழை நடந்தது. வந்தவர்களை வழியனுப்பிப் பழகிய பாழாய்ப்போன வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது: "போட்டு வாங்கோ."

போய்விட்டுத் திரும்பி வா என்று செத்தவீட்டில் ஒருவரும் சொல்வதில்லை.

அதை அவள் மறந்திருப்பாள். அதற்குள் சனசமூக நிலையத்தில் ஒரு பழைய பேசாப்படத்தை மூன்று நாள் போட்டார்கள். இரத்தம் குடிக்க எழும்பி வரும் வெள்ளைக்காரப் பிரேதத்தின் கதை. பார்க்கப் பயமாயிருந்தது. அந்தப் பயத்துக்காகவே மூன்று நாளும் போனாள். அந்த வெளிறிய முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே முடியவில்லை. விருந்தில் வைத்த சோற்றை அது தொடவில்லை. வாசலில் எவ்வளவு பொறுமையாக நின்றது!

"கூப்பிடாட்டி அவனுக்கு உள்ளுக்கு வர ஏலாது," என்று ஞானசம்பந்தன் மாஸ்ரர் விளக்கம் சொன்னார்.

திரும்பி வரச் சொன்னவள் அவள்தான். உள்ளே வரச் சொல்லவில்லை. இனி யாரும் சொல்லாமல் இருந்தால் போதும்.

எட்டிப் பார்த்தாள். வாசற்படிக்கு வெளியே வெள்ளை வேட்டி. கரை கருகியிருந்தது.

விறாந்தையில் அவள் கணவன் வாமதேவன் பேப்பருக்குள் தலையைக் கவிழ்த்தபடி கதிரையில் இருந்தான். "விசர்ப்படம்" என்று ஏசிவிட்டு வீட்டோடு நின்றவன். அவனைத் தடுக்க வாயைத் திறந்தாள். இந்த வாய் மறுபடி பிழைத்துவிடுமோ என்று கையால் பொத்திக்கொண்டாள்.

படியடியில் மணல் அரைபட்டது.

வாமதேவன் தலை நிமிரவில்லை. "ஆரது? வாங்கோ, வாங்கோ. உள்ளுக்கு வந்து இருங்கோ."

ஏரம்பு வாயைத் திறந்தான். எட்டு நாள் வாய்க்கரிசி படியில் பொலபொலவென்று கொட்டியது. ஒரு மணி கூட மெல்லவில்லை. வாய் வெறுமையானதும் படியேறி வந்து, தம்பியின் பிடரிக்கு மேலே மெதுவாகக் குனிந்தான்.