ஒன்றரை ஜன்னல்

“ஐயையோ! வயர் எங்க?”

காமராஜ் போட்ட சத்தத்தில் பூங்குழலி ஓடிவந்தாள். புது வீட்டின் சினிமா அறையில், பின்சுவரில், பெரிய சதுர ஓட்டை. உள்ளே வெறும் செங்கல்தான் இருந்தது.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். நைனாவுக்குக் கோபம் வந்தது.

“இன்னா காமராஜ் இது? பீரங்கிக் குண்டு பட்ட கோட்டைச் சுவர் மாதிரி ஆக்கிட்டியே! இப்பத்தான் பெயின்ட் காஞ்சுது!”

காமராஜ்தான் இந்த வீட்டு எலக்ட்ரீஷியன். சுவருக்குள் பதிக்கும் ஸ்பீக்கர்களுக்காக, இரண்டு வருடத்துக்கு முன்பு வீடு கட்டும்போதே வயர் இழுத்துவைத்தவர். முன்பக்க ஸ்பீக்கர் இரண்டும் காலையிலேயே ஜம்மென்று உட்கார்ந்துவிட்டன. பின்சுவர் வயரை மட்டும் பூச்சு வேலைக்காரர்கள் சிமென்ட்டுக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள்.

“நோட்ல இருக்கறபடிதான் சார் அளந்தேன். ஜன்னல்லருந்து பன்னெண்டு சாண்,” என்றார் காமராஜ். அவர் முகம் வியர்த்துவிட்டது.

பூங்குழலி அவர் கையிலிருந்த நோட்டை எட்டிப் பார்த்தாள். அது அவளுடைய நோட்டு! வயர் இழுத்த அன்று அளவு டேப்பைக் கொத்தனார் மாடிக்கு எடுத்துப்போயிருந்தார். “நீயே அளந்து எழுதிக்கம்மா,” என்று காமராஜ் சொன்னதும், மூன்றாம் வகுப்புப் பூங்குழலி கண்ணில் பட்டதையெல்லாம் சாண் போட்டு எழுதித் தள்ளினாள்.

“இன்னொரு ஓட்டை தப்பா வுழுந்துச்சுன்னா, வேற ஆளை வச்சுப் பாத்துக்கறேன்,” என்றார் நைனா.

காமராஜ் குனிந்து உதிர்ந்த சிமென்ட்டைப் பொறுக்கினார். பூங்குழலிக்குப் பாவமாக இருந்தது.

“நைனா, மாமாவைத் திட்டாத. அளந்து எழுதினது நான்தான்.”

“நீயா?” நைனா அவள் பக்கம் திரும்பினார்.

“மாமா கை பெருசு. என் கையால அளக்கணும்.” அவள் ஜன்னலிலிருந்து பன்னிரண்டு சாண் வைத்தாள். “இங்கதான்!”

காமராஜ் துளை போடும் மெஷினைத் தூக்கினார். பூங்குழலி நோட்டை மறுபடி பார்த்தாள். ‘ஜன்னல் அகலம் எட்டு சாண்’ என்றும் எழுதியிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஜன்னலையும் அளந்தாள். ஏழு சாண்தான் வந்தது.

“நிறுத்துங்க மாமா!”

எல்லோரும் திடுக்கிட்டார்கள்.

“ஜன்னல் எப்டிடி சின்னதாவும்?” என்றாள் அம்மா.

பூங்குழலி தன் கையை விரித்துப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஜன்னல் அப்படியேதாம்மா இருக்குது. நான்தான் வளந்துட்டேன்!”

“அந்தப் பழைய கைக்கு இப்ப எங்க போறது?” என்றார் காமராஜ்.

“கையே வேணாம் மாமா. எட்டும், எட்டுல பாதி நாலும் பன்னெண்டு. ஜன்னல் அகலத்துக்கு ஒரு கயிறு வெட்டுங்க. அதுல ஒண்ணரை மடங்கு!”

காமராஜ் கயிறு பிடித்து, இந்தமுறை சின்னதாகத்தான் துளைத்தார். நைனா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். சிமென்ட் உதிர்ந்தது. உள்ளேயிருந்து நீல வயர் எட்டிப் பார்த்தது.

“வந்துடுச்சு!” என்று காமராஜ் கத்தியதில் நைனா துள்ளிவிட்டார்.

சாயங்காலம் பின்சுவரிலும் ஸ்பீக்கரைப் பொருத்திவிட்டு, காமராஜையும் உட்காரவைத்துப் படம் போட்டார்கள். முதுகுக்குப் பின்னால் ‘லொள்’ என்று நாய் குரைத்தது. அம்மா சோபாவிலிருந்து எகிறிக் குதித்தாள்.

“ஸ்பீக்கரும்மா!”

நைனா விழுந்து விழுந்து சிரித்தார். “காமராஜ், அந்தப் பெரிய ஓட்டைல ஒரு விளக்கு வச்சுடலாம். நீயே வந்து போட்டுக் குடு.”

பூங்குழலி நோட்டைத் திறந்து, ‘பன்னிரண்டு சாண்’ என்பதை அடித்துவிட்டு ‘ஒன்றரை ஜன்னல்’ என்று எழுதினாள்.