கூர் மேலே... கூர் கீழே!

போன் அலறியது.

துப்பறியும் ஆதவன் பாதி இட்லியோடு பாய்ந்து எடுத்தான். கோட்டுச்சேரியில் ஒரு ஆட்டைத் தேடியதுதான் இதுவரை அவனுடைய பெரிய கேஸ். அந்த ஆடும் தானாகவே வீடு வந்து சேர்ந்தது!

"அண்ணே... ஆஸியா பேசுறேன். வாப்பாவ யாரோ குத்திக் கொன்னுட்டாங்கண்ணே! போலீஸு எங்க வூட்டுக்காரர சந்தேகப்படுது. நீங்கதான் அவர காப்பாத்தணும்!"

"அழாதம்மா. இதோ வந்துட்டேன்!"

ஸ்கூட்டர் மட்டும் உடனே வரச் சம்மதிக்கவில்லை. தள்ளிக்கொண்டு ஓடினான்.

ஹாலில் ஆஸியாவின் வாப்பா கமாலுதீன் ரத்தத்தில் கிடந்தார். சுவரில், அவர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த இரண்டு நீண்ட வாள்கள், உறையோடு.

"எதையும் தொடாதீங்க!" பெண் இன்ஸ்பெக்டர் முத்தமிழ் அதட்டினார். "நேத்து சாயங்காலம் மாமனாருக்கும் மருமவன் இக்பாலுக்கும் பெரிய சண்டையாம்."

இக்பால் வியர்த்து நின்றான். கமாலுதீனின் தம்பி மகன் நசீம் மூலையில் அழுதுகொண்டிருந்தான்.

ஆதவன் வாள்களைப் பார்த்தான். யூடியூப் ஞானம் பொங்கியது.

"மேடம்! மேல இருக்குறது டாச்சி. குதிரை வீரன் இடுப்புல தொங்கவிடுறது. கூர் கீழ பார்க்க வெக்கணும். அடுத்தது கட்டானா. இடுப்புக் கச்சையில சொருவுறது. கூர் மேல பார்க்கணும். ஆனா பாருங்க... அதுவும் கீழ பார்க்குது!"

"அதனால?"

"கொலைகாரன் கட்டானாவால குத்திட்டு, வித்தியாசம் தெரியாம மாத்தி வெச்சிருக்கான்! நசீம், இத எப்புடி வெக்கணும்?"

"எனக்கு எல்லாம் ஒரே கத்திதாண்ணே..."

"இக்பால் பாய்?"

இக்பால் முந்திக்கொண்டான். "டாச்சிக்குக் கூர் கீழ. கட்டானாவுக்கு மேல. மாமாதான் சொல்லிக் குடுத்தாங்க. எண்ணெ போட்டுத் தொடைக்கிறதே நான்தான்!"

"கேட்டீங்களா மேடம்? தெரிஞ்சவன் மாத்தி வெப்பானா?"

ஆதவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். நசீமின் முகம் வெளுத்தது.

ஆஸியா திகைத்தாள்.

"அண்ணே... வெள்ளிக்கிழமை அந்தக் கட்டானாவ எடுத்து செல்ஃபி புடிச்சுட்டு, திருப்பி நீங்கதானே வெச்சீங்க?"

ஆதவனுக்கு நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை... பிரியாணி... செல்ஃபி! யூடியூப் பார்த்ததே மறுநாள்தான். அட கடவுளே!

"அப்போ கட்டானாவ அதுக்கப்புறம் யாரும் தொடல..." முத்தமிழ் கையுறையை மாட்டிக்கொண்டு டாச்சியை மெல்ல உருவினார்.

ரத்தம்!

"குத்துனது இதால. குத்திட்டு ஒழுங்கா கூர் கீழ பார்க்க வெச்சிருக்கான். தெரிஞ்சவன்! தெரிஞ்சவங்க மூணு பேரு. ஒருத்தர் செத்துக் கெடக்காரு. இன்னொருத்தர் நீங்க... உங்க லட்சணம் செல்ஃபிலயே தெரிஞ்சுபோச்சு. மிச்சம் யாரு?"

இக்பால் வாசலுக்குப் பாய்ந்தான். அங்கே நின்ற சிவப்புத் தொப்பி கான்ஸ்டபிள் காலை நீட்ட, குப்புற விழுந்தான்.

"சொத்து எல்லாத்தையும் நசீமுக்கே எழுதுறேன்னாரு! அப்புறம் இந்த வூட்டுல நான் யாரு?"

ஆஸியா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "காப்பாத்தத்தானேண்ணே கூப்புட்டேன்..."

ஆதவன் தலை குனிந்து வெளியே நடந்தான்.

"பிரமாதம் சார்!" முத்தமிழ் பின்னாலேயே வந்தார். "கேஸ முடிச்சுக் குடுத்துட்டீங்க. அந்த ஆட்டு கேஸும் இப்புடித்தானா?"

"இல்ல மேடம். அதுல நான் வாயே தொறக்கல... அதான் ஆடு பத்திரமா வூடு வந்து சேர்ந்துச்சு!"