கத்தரீனாளின் ஃபோல்டர்

மூன்றாவது முறை அழித்தும் அந்த ஃபோல்டர் போகவில்லை. வேறொருவர் அதைத் திறந்து வைத்திருப்பதாகவே கணினி சொன்னது. ஆபீசில் கணக்கெழுதும் ஷிஜியைத் தவிர யாருமில்லை.

வண்டன்மேட்டுக்கு மேலே இருந்த அந்த ஏலத்தோட்டத்தில் நாலு மணிக்கே மஞ்சுமூட்டம் இறங்கி ஜன்னல் கண்ணாடியை மூடியிருந்தது. காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து வந்த ஏலக்காய் வாசத்துக்கு அடியில், யாரோ சேற்றுக்காலோடு உள்ளே வந்து மூலையில் நிற்பதுபோல, ஈரமண்ணின் வாடை ஒன்று காலையிலிருந்து விலகாமல் இருந்தது.

நாளை லேபர் ஆபீசர் வருகிறார். அதற்குள் கத்தரீனாளின் வருகைப்பதிவு அழிய வேண்டும்.

முப்பது வருடம் காய் எடுத்ததில் கத்தரீனாளின் கட்டைவிரல் ரேகை தேய்ந்து, கறை ஏறிக் கறுத்துவிட்டது. பஞ்சிங் மெஷின் அதை ஏற்கவேயில்லை. "வெரலு பதிய மாட்டேங்கு புள்ள. ஒன் வெரல வச்சிரேன்" என்று சிரித்தாள். ஷிஜியும் அவள் பேரில் தன் விரலைப் பதிந்து கொடுத்தாள். தினமும் காலை ஏழு இருபதுக்கு இருவருக்கும் அவளே விரல் வைத்துப் பேர் போட்டாள். போன மாதம் ஒருநாளும் அப்படித்தான் போட்டாள். அன்று கத்தரீனாள் வேலைக்கு வரும் வழியில் ஓடைக்குள் வழுக்கி விழுந்து, இடுப்பொடிந்து கிடந்தாள். பேர் விழுந்திருந்ததால் யாரும் தேடவில்லை. சாயங்காலம் பிணத்தைத் தூக்கியபோது, கரைமண்ணில் விரல்கள் பறண்டிய தடம் நீளமாகக் கிடந்தது.

கட்டப்பனையில் கணினி பழுது பார்க்கும் சதீஷைப் போனில் கூப்பிட்டாள். யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று சர்வரிலேயே பட்டியல் இருக்கும் என்றான் அவன்.

பட்டியலில் ஒரே வரி. பஞ்சிங் மெஷின்.

சாவுக்குப் பிறகு கழற்றி, வயரைச் சுற்றி, ஷிஜியே ஆபீஸ் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிய மெஷின். அந்த வரியை மூடிவிடச் சொன்னான் சதீஷ். அவன் சொன்னபடி மூடினாள். உடனே மறுபடி திறந்துகொண்டது. உள்ளே அடக்கத்துக்குப் பிந்தைய தேதிகளும் இருந்தன. தினமும் ஏழு இருபது. ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை.

"அப்போ ஓனர ஒங்க பேருக்கு மாத்திருங்கக்கா" என்றான் சதீஷ். "பெறகு அது ஒங்க சொத்து. அழிச்சாலும் ஒருத்தரும் கேக்க மாட்டாக."

மாற்றினாள். உரிமையாளர்: ஷிஜி. அழித்தாள்.

போய்விட்டது.

போனை வைத்துவிட்டு மூச்சு விட்டாள். அப்போது பீரோவுக்குள் 'பீப்' என்று ஒரு சத்தம். பேர் விழும் சத்தம்.

திரையில் ஷிஜியுடைய வருகைப்பதிவு ஃபோல்டர் தானாகத் திறந்திருந்தது. நாளைய தேதி. காலை ஏழு இருபது. ஷிஜி, வேலைக்கு வந்திருக்கிறாள்.

கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் அசையவில்லை. வெளியே வேலை முடிந்த பெண்கள் பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள். கத்தினாள். மஞ்சுக்குள் சத்தம் போகவில்லை. பேச்சு தேய்ந்தது. நின்றது.

போனில் விரலை வைத்தாள். திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள். திறக்கவில்லை. கட்டைவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

கறுத்திருந்தது. ரேகை இல்லை.

பீரோவுக்குள் நகங்கள் பறண்டத் தொடங்கின. மெதுவாக. மண்ணில் பறண்டுவது போல.

மறுபடி 'பீப்'. நாளை மறுநாளுக்கும் பேர் விழுந்தது. அதற்கடுத்த நாளுக்கும். பீரோவின் அடியிலிருந்து ஓடைத் தண்ணீர் கசிந்து, அவள் பாதத்தைத் தொட்டது.