சும்மா இருந்த பாடவேளை

அறிமுக வேதியியலைப் படித்து முடிக்க ஒரு சொட்டு போதும். இரவு நாக்கில் விட்டுக்கொண்டு படுத்தால், காலையில் பல் துலக்கும்போது தனிம அட்டவணை முழுவதும் தலைக்குள் இருக்கும். அதற்குக் கல்வித்துளி என்று பெயர். அது வந்த பிறகு கல்லூரிகளை மூடினார்கள். யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

குறை தெரிய ஒரு தலைமுறை ஆனது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்த பட்டதாரிகள், பேச ஒன்றுமில்லாமல் ஒருவர் செருப்பை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் வேதியியல் தெரிந்தது. வேதியியல் வகுப்பு யாருக்கும் தெரியவில்லை. கடைசி பெஞ்சு, பக்கத்தில் உட்கார்ந்தவர், தூக்கம் தள்ளும் மத்தியானம், எதுவும் இல்லை. நடக்காத ஒன்றை நினைத்து ஊரே ஏங்கியது.

ஆகவே பாளையங்கோட்டையில் மிச்சமிருந்த ஓர் ஆய்வகத்தைத் தூசி தட்டித் திறந்து, பல்துறைக் கலை என்றொரு படிப்பைத் தொடங்கினார்கள். கல்வித்துளி போடாதவர்களை உட்காரவைத்து நிஜமாகவே வேதியியல் நடத்துவார்கள். பருவம் முடிந்ததும் நினைவு வடிப்பான் என்ற பொறி, அந்த அறையில் நடந்ததையெல்லாம் அவர்கள் தலையிலிருந்து வடித்தெடுக்கும். அது நினைவுத்துளியாகி, பட்டம் பெற்ற எல்லோருக்கும் இலவசமாகப் போகும். கொடுத்தவரிடம் ஒன்றும் மிஞ்சாது.

அந்த வருடம் சேர்ந்தவர்கள் இருவர்: சேந்தன், ஜெபமலர். நினைவில் வேறு எதுவும் கலந்துவிடக் கூடாது என்பதால், அறைக்கு வெளியே அவர்கள் சந்திக்கத் தடை.

துறைத் தலைவர் தில்லைநாயகம் நாடகத்தில் முனைவர். வேதியியலை முந்தின இரவு சொட்டுவிட்டுக்கொண்டு வருவார். வகுப்பில் நடக்க வேண்டிய குறும்புகளுக்கும் அவரே காட்சி எழுதிக் கொடுத்தார்.

"தம்பி, இன்னைக்கு நீ உப்பை நக்கிப் பாத்து என்ன உப்புன்னு கண்டுபிடிக்கணும். நான் கையும் களவுமா பிடிப்பேன். மலர், நீ சிரிக்கணும்."

"எந்த எடத்துல சார்?"

"நக்கினதும்."

சேந்தன் நக்கினான். அவள் சிரித்தாள். ஏக்கமானியின் முள் அசையவில்லை. ஒரு நினைவு பிற்காலத்தில் எவ்வளவு ஏங்கவைக்கும் என்று அளக்கும் கருவி அது. தலையில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். முள் பச்சைக்கோட்டைத் தாண்டினால் பட்டம். தாண்டாத நினைவு கழிவு. அதைக் கொடுத்தவரே வைத்துக்கொள்ளலாம், அரியரோடு.

இந்தக் கடைசி விதி சேந்தனின் மனதில் ஒரு வாரம் ஊறியது. பியூரெட்டில் அளவு பார்க்கும்போது அவள் ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். தனக்கு வந்த அளவையே அவனுக்கும் சொல்லிவிட்டு, சந்தேகம் வராமலிருக்கக் கடைசி எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்வாள். இதெல்லாம் போய்விடும்.

"ஏ மலரு, நாம ஃபெயில் ஆயிருவோமா?"

"ஏம்ல, நல்லாத்தான போவுது?"

"பாஸானா நீ யாருன்னே எனக்குத் தெரியாது."

"ஒனக்கு லாபந்தான்" என்றாள், பியூரெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆனால் திருகை மூட மறந்துவிட்டாள். வெளிர் ரோஜாவில் நிற்க வேண்டிய குடுவை, பஞ்சுமிட்டாய் நிறத்துக்குப் போனது. அவளுக்கு அப்படி ஆனதே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அரியர் விழுமே. அப்பா கொன்னே போடுவாரு" என்றாள்.

"எங்கப்பாவுந்தான்."

"சரி. எப்படி ஃபெயில் ஆவுறது?"

"ஒண்ணுமே செய்யாம இருப்போம். குறும்பு வேண்டாம், சிரிப்பு வேண்டாம். வெறும் சலிப்பு. அதை எவன் சீந்துவான்?"

அப்படியே செய்தார்கள். தில்லைநாயகம் காட்சியை எழுதிக் கொடுத்தால் வயிற்றுவலி என்றார்கள். அவரும் சோர்ந்துபோய், மோலாரிட்டியைப் பற்றி ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தார். குழாய் சொட்டியது. மின்விசிறி கிறீச்சிட்டது. அவள் பிப்பெட்டால் மேசையில் தண்ணீர்க் கோடு இழுத்தாள். அது காயும்வரை இருவரும் பார்த்தார்கள். காய்ந்ததும் அவன் ஒன்று இழுத்தான். அவள் கொட்டாவி விட்டாள், அவனுக்கும் வந்தது. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி, அமிலப் புட்டிகளைக் கடந்து, சுவரில் ஏறிப் போனது. மணி அடித்தபோது, இவ்வளவு சீக்கிரமா என்று இருவருக்கும் தோன்றியது. அதை அவர்கள் கவனித்திருக்கலாம்.

தேர்வன்று சேந்தன் தலையில் ஏக்கமானியைக் கவிழ்த்தார்கள். முள் பச்சைக்கோட்டைத் தாண்டியது, மஞ்சளைத் தாண்டியது, எல்லையில் முட்டி நடுங்கியபடி நின்றது.

தில்லைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னப்பா செஞ்சீங்க?"

"ஒண்ணுமே செய்யல சார்."

"அதான்" என்றார் அவர். "அதை எனக்கு எழுதத் தெரியல."

வடிப்பானுக்கு முன் ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். ஜெபமலர் கேட்டாள்: "வெளிய பாத்தா பேசுவியா?"

"தெரியாத பொண்ணுட்ட என்னத்தப் பேச?"

"அதுவும் சரிதான்" என்று அவள் உள்ளே போனாள்.

அவள் முள்ளும் பச்சைக்கோட்டைத் தாண்டியிருந்ததால், விதிப்படி இருவரிடமும் வடித்தார்கள். அதிக அளவு காட்டிய சேந்தனின் நினைவு துளியாகி ஊரெல்லாம் போனது. கல்யாணப் பந்திகளில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்டது. பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் ஒரே மத்தியானத்தை நினைத்துக் கண் கலங்கினார்கள்.

ஜெபமலருக்குத்தான் நடமாட முடியவில்லை. ஆட்டோக்காரர் காசு வாங்க மறுத்தார். வங்கி மேலாளர் எழுந்து நின்று, "மலரு, என்னைத் தெரியலியா" என்றார். தலை நரைத்த ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் மனைவியும் அதேபோலப் பார்த்தாள். யாரையும் அவளுக்குத் தெரியாது. அத்தனை பேரும் அவளை இழந்திருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் வண்ணார்பேட்டை நிறுத்தத்தில், பக்கத்தில் நின்ற ஒருவன் அவளைப் பார்த்துவிட்டு, பேருந்து வருகிறதா என்று மறுபக்கம் திரும்பிக்கொண்டான். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஏங்க, ஒங்களுக்கு என்னையத் தெரியாதா?"

அவன் நன்றாகப் பார்த்தான். "தெரியலியே. தெரியணுமா?"

"டிகிரி முடிக்கலியா நீங்க?"

"முடிச்சேன். அந்தத் துளி மட்டும் ஒத்துக்கல. நாக்குல வச்சதுமே வாந்தி."

"எனக்கும் அப்படித்தான்" என்றாள் அவள். கொடுத்தவர் உடம்பு அந்தத் துளியைத் திரும்ப ஏற்காது என்பதை இருவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"அப்பாடா, ஊருல ஒரு ஆளாவது தெரியாதவரா இருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு, ஜெபமலர் பெஞ்சிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டாள்.