எட்டுத் துளை அலமாரி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு பொருளை வைத்துக்கொள்ளவும் தெரியாது, விடவும் தெரியாது. வாங்கி வரும்போது தெருவே பார்க்கும்படி இறக்குவார்கள். தூக்கிப் போடும்போது மட்டும் யார் கண்ணிலும் படாமல் குப்பைத்தொட்டி ஓரம் வைத்துவிட்டு நழுவுவார்கள். அந்த மைக்கா ஒட்டிய அலமாரியும் அப்படித்தான் கிடந்தது. நான்கு இழுப்பறை, நான்கு காலும் உறுதி, ஒரு மூலை மட்டும் தண்ணீர் குடித்து உப்பியிருந்தது. காலி அலமாரிக்கு எதற்கு இத்தனை கயிறு? மேலிருந்து கீழ்வரை சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டிருந்தார்கள். நல்ல கயிறு. அலமாரியை வீட்டுக்கு எடுத்துவந்த டிரைவர் அதை அறுக்காமல் பொறுமையாக அவிழ்த்தார்.

லாரி ஓட்டி ஓய்ந்தவர். தெருவில் அவருக்கு 'முறைப்பு' என்று பெயர். அது அவருக்கும் தெரியும், அதற்கும் முறைப்பார். மனைவி போய் இரண்டு வருஷம். வீட்டில் அவருடைய செருப்புச் சத்தம் ஒன்றுதான்; அதுவும் நின்றால் குழாய் சொட்டுவது கேட்கும். நர்ஸாக இருக்கும் மகளுக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கே மாற்றல் வந்திருந்தது. துணி வைக்க ஓர் இடம் இருந்தால் வீட்டுக்கே வந்துவிடுகிறேன், இல்லையென்றால் ஹாஸ்டல்தான் என்று சொல்லியிருந்தாள். பீரோ முழுக்க அம்மாவின் துணிகள். அதைத் தொட இருவருக்கும் மனம் வரவில்லை. ஆக, இந்த அலமாரி தேறினால் மகள் வருவாள்.

மைக்காவின் பளபளப்பு போகத் தேய்க்காவிட்டால் பெயிண்ட் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்துவரும் என்றார் பெயிண்ட் கடைக்காரர். உப்புத்தாள் விற்க வழி பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டே இரண்டு தாள் வாங்கினார். மகளின் பழைய அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெள்ளைத் தூசி மூக்கில் ஏற, தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்க, சர்க் சர்க்கென்று மாலைவரை தேய்த்தார். கை நின்ற பிறகும் அந்தச் சத்தம் ஒரு இழுப்பு கூடுதலாக வந்துவிட்டு நின்றது. காது போய்க்கொண்டிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கைப்பிடிகளைக் கழற்றினார். இழுப்பறைக்கு இரண்டாக எட்டுத் துளை. நடுவில் ஒரு குமிழ் வைத்தால் போதும் என்று, கடையில் வாங்கிய பட்டி மாவைக் குழைத்து எட்டையும் அடைத்தார். காலையில் எட்டு அடைப்பும் தரையில் கிடந்தன. உடையவில்லை, யாரோ சுண்டுவிரலால் தள்ளிய மாதிரி முழுசாக. எலி என்றார். இழுப்பறைகளை உருவிப் பார்த்தார். புழுக்கை இல்லை, பொந்து இல்லை, பின்பலகை கெட்டி. பசை கலந்து மறுபடி அடைத்தார். மறுநாளும் தரையில்.

காலாவதியான பட்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். கடைக்காரர் பட்டித் துண்டை உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பெரியவரே, பட்டி சுருங்குனா உள்ளதான் விழும். வெளில வந்து விழுதுன்னா உள்ளேருந்து யாரோ தள்ளணும்."

டிரைவர் சிரிக்கவில்லை.

துளை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பிரைமர் அடித்து, மகள் கேட்ட இளம்பச்சையையும் அடித்தார். மத்தியானம். தூசி ஒட்டாமலிருக்க ஜன்னலைச் சாத்தியிருந்தார். பெயிண்ட் நெடிக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது; வெகுநேரம் தூங்கி எழுந்தவர் வாய் வாடை. துளையின் அருகே விரலை நீட்டினார். இளஞ்சூடாக ஏதோ பட்டது. நின்றது. மறுபடி பட்டது.

இழுப்பறையை இழுத்தார். காலி.

முப்பது வருஷம் மலைப்பாதையில் ஓட்டியவர், ஒரு பலகைப் பெட்டிக்குப் பயப்படுவதா? தன் வெள்ளைச் சட்டை ஒன்றைப் பட்டன் போடாமல் மடித்து உள்ளே வைத்து மூடினார். துணிக்கு ஒன்றும் ஆகாவிட்டால் சரி.

மறுநாள் மத்தியானம் திறந்தார். மடிப்பு இல்லை. எல்லாப் பட்டனும் போட்டிருந்தது. தொட்டார். உடம்பிலிருந்து அப்போதுதான் கழற்றிய சூடு. கக்கத்தில் ஈரம்.

கையை இழுத்துக்கொண்டார். மகளின் துணிகள் ஞாபகம் வந்தன. அவள் காலையில் தூக்கம் கலையாமலே கையை விட்டுத் துழாவி எடுக்கிறவள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. மகள்தான்.

"பெயிண்ட் காஞ்சிடுச்சாப்பா? நாளைக்கு வந்துடறேன். ரெண்டு பெட்டிதான்."

"வராதே."

"என்னது?"

"இடம் பத்தாது. ஹாஸ்டலுக்கே போம்மா."

வா வா என்று இரண்டு வருஷமாகக் கூப்பிட்டது யார் என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார்; மெதுவாகக் கேட்டாள். நான்தான், இப்போது வேண்டாம் என்கிறேன் என்றார்.

"சரிப்பா. தனியா இருக்கீங்களேன்னு பாத்தேன்." பிறகு நர்ஸின் குரலில், "ஏன்ப்பா இப்படி மூச்சு வாங்குது?"

அவர் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றிருந்தார்.

"வயசாச்சில்ல," என்றார். போனை வைத்தார்.

குழாய் சொட்டியது. அவர் குனிந்து பார்த்தார். திறந்த இழுப்பறையில் சட்டை மல்லாந்து கிடந்தது. பட்டன் போட்ட மார்பு ஏறியது. இறங்கியது. ஏறியது. பிறகு, தூக்கத்தில் புரள்கிறவர் கை போல, ஒரு சட்டைக்கை மெல்ல எழுந்து, இன்னும் சரியாகக் காயாத பச்சை விளிம்பின் மேல் விழுந்து தொங்கியது. வெறும் துணி. ஆனால் முழங்கை மடங்கியிருந்தது.

ஜன்னல் சாத்திய அறை. சூடு. துணி உப்பும்.

அப்படிச் சொல்லிக்கொண்டே டிரைவர் வாசலைப் பார்த்து நடந்தார். அவர் சொன்னதை அவரே நம்பவில்லை.